மதத்தை விட்ட நாடு அழிந்துவிடுமா?

“எல்லாருக்கும் ஒரே மதம் இல்லாத நாடு உருப்படாது, சுவீடனைப் பாருங்கள், அழிகிறது” என்று இலங்கையின் ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய். சுவீடன் 2000இல் திருச்சபையை அரசிலிருந்து பிரித்தது. அங்கே சராசரி ஆயுள் இன்றும் 80க்கு மேல். அதற்காக மதத்தை விட்டால்தான் முன்னேற்றம் என்றும் இல்லை. டென்மார்க் அரசியலமைப்பில் லூத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் திருச்சபைக்கு இன்னமும் தனி இடமுண்டு.

இதை அனுப்புகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் சிவனொளிபாதமலை ஏறியதே இல்லையோ என்னவோ! அதன் உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சிவன் பாதம், புத்தர் பாதம், ஆதம் பாதம் என்பவர்கள் எல்லாரும் மலையேறும் நல்லதண்ணிப் படிகளில் ஒரே கம்பியைப் பிடித்துத்தான் மூச்சு வாங்குகிறார்கள். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையிடம் தந்தது. அப்படி முதலிடம் தந்தும் தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தைத் தடுக்க முடியவில்லையே.