தப்பான பெயரில் வந்த தடை உத்தரவு

அஹ்மதியாக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்ம ஆட்கள் நேராக அகீதாவுக்கு, அதாவது நம்பிக்கைச் சண்டைக்கு, போய்விடுவார்கள். இறுதி நபிக்குப் பிறகு நபி வரலாமா, ஈஸா நபி வானத்தில் இருக்கிறாரா இல்லை ஸ்ரீநகரில் அடங்கியிருக்கிறாரா என்று விடிய விடிய ஓடும். நான் அஹ்மதி இல்லை. அந்த ஜமாஅத்தை நிறுவிய மிர்ஸா குலாம் அஹ்மத், வரவேண்டிய மஸீஹ் நானே என்று சொன்ன வாதத்தை ஏற்றவனும் இல்லை. ஆனால் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி வேறு. இத்தனை அடி வாங்கிய ஒரு ஜமாஅத்தின் தலைமை நூறு வருஷத்துக்கு மேல் எப்படிக் குலையாமல் நிற்கிறது?

1889 மார்ச் 23, லூதியானாவில் முதல் பைஅத், அதாவது கைகொடுத்து விசுவாச உறுதி எடுப்பது. அன்றைக்குச் சேர்ந்தவர்கள் 40 பேர் என்பது ஜமாஅத் கணக்கு. முதலில் கைகொடுத்தவர் ஹகீம் நூருத்தீன், ஜம்மு காஷ்மீர் மகாராஜாவிடம் வைத்தியராக இருந்தவர். 1908 மே மாதம் மிர்ஸா லாகூரில் இறந்தபோது தலைமை மகனுக்குப் போகவில்லை, இந்த வைத்தியருக்குத்தான் வந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

எல்லாம் வெடித்தது 1914 மார்ச்சில். நூருத்தீன் இறந்த மறுநாள், நிறுவனரின் சொந்த ஊரான பஞ்சாப் காதியானில் கூட்டம். ஒரு பக்கம் மௌலானா முஹம்மது அலி. எம்.ஏ. படித்தவர், பிற்பாடு குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். நிறுவனர் ஏற்படுத்திய அஞ்சுமன் என்கிற நிர்வாகக் குழுதான் நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும், ஒரே ஆள் கையில் எல்லாவற்றையும் கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மிர்ஸா ஒரு முஜத்தித் (மார்க்கத்தைப் புதுப்பிப்பவர்), நபி அல்ல என்றும் சொன்னார். மறுபக்கம் நிறுவனரின் மகன் மஹ்மூத் அஹ்மத், வயது 25. கூட்டம் மகன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டது, முஹம்மது அலியைப் பேசவே விடவில்லை. பைஅத் வாங்குகிற வாசகம்கூட எனக்கு நினைவில்லையே என்று அந்த இளைஞர் தயங்கினாராம். பக்கத்திலிருந்த மௌலவி ஒருவர் எடுத்துக்கொடுக்க, இவர் திருப்பிச் சொன்னாராம். ஜமாஅத்தினர் இதை உருகி உருகிச் சொல்வார்கள்.

கொள்கைதான் பிரித்தது என்று இரு தரப்பும் சொல்லும். எனக்கென்னவோ, சாவி யார் கையில் என்பதுதான் அடியில் கிடந்த சண்டை.

முஹம்மது அலியோடு பிரிந்து லாகூருக்குப் போனவர்களிடம் படிப்பு இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள், பெர்லினில் பள்ளிவாசல்கூடக் கட்டினார்கள். ஆனாலும் சுருங்கிப் போனார்கள். காதியானில் நின்ற மஹ்மூத் அஹ்மத் 51 வருஷம் கலீஃபாவாக, அதாவது ஜமாஅத்தின் தலைவராக, இருந்து, பெண்களுக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று என்று அமைப்பு அமைப்பாகக் கட்டினார். சந்தா வசூலையும் சீராக்கினார்கள். சம்பாதிப்பதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ரூபாய்க்கு ஓரணா. வஸிய்யத் (உயில்) எழுதிக்கொடுத்தவர் என்றால் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. நம்ம ஊர் ஜமாஅத்தில் வருஷச் சந்தா கேட்டுப் போகிற கணக்கப்பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்.

1947இல் காதியான் இந்தியாவுக்கு வந்தது, கலீஃபா லாகூருக்குப் போனார். ஊரைக் காக்க 313 பேர் தங்கினார்கள். பத்ருப் போரில் நபியோடு நின்றவர்களின் எண்ணிக்கை, சும்மா வைத்ததல்ல. மறுவருஷம் செனாப் கரையில் உப்புப் பூத்த பொட்டல் காட்டில் ரப்வா என்ற புதுத் தலைமையூர் எழுந்தது.

அதற்குப் பிறகு பாகிஸ்தான் அரசு செய்தவை எல்லாம் இந்தத் தலைமைக்கு உரம் போட்ட மாதிரிதான் ஆனது. 1974இல் மூன்றாவது கலீஃபா நாசிர் அஹ்மதைப் பாராளுமன்றத்தில் 11 நாள் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார்கள். செப்டம்பர் 7, முஸ்லிம்கள் அல்ல என்று அரசியல் சாசனத் திருத்தம். வேடிக்கை என்னவென்றால், மிர்ஸாவை நபி என்றே சொல்லாத லாகூர்க்காரர்களும் அதே பட்டியலில்.

1984 ஏப்ரல் 26, ஜியா உல் ஹக்கின் 20ஆம் அவசரச் சட்டம். தன்னை முஸ்லிம் என்று சொன்னாலோ, பாங்கு சொன்னாலோ, தன் தொழுகை இடத்தை மஸ்ஜித் என்றாலோ மூன்று வருஷம் வரை ஜெயில். கலீஃபா என்ன செய்வார்? வாய் திறந்தால் குற்றம். சில நாளிலேயே நான்காவது கலீஃபா தாஹிர் அஹ்மத் கராச்சியில் விமானம் ஏறிவிட்டார். வெளியே விடாதே என்று ஜியா போட்ட உத்தரவில், இரண்டு வருஷத்துக்கு முன்பே இறந்துபோன நாசிர் அஹ்மதின் பெயர் இருந்ததாம். இறந்தவரைத் தடுக்கச் சொன்ன காகிதத்தை வைத்துக்கொண்டு அதிகாரிகள் உயிரோடு இருப்பவரை விட்டுவிட்டார்கள் என்று ஜமாஅத்தினர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரப்வாவில் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்கள். லண்டனிலிருந்து சாட்டிலைட்டில் கலீஃபாவின் ஜும்ஆ குத்பா (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்) உலகம் முழுக்கப் போனது.

2003இல் லண்டனில் தேர்ந்தெடுக்கப்பட்ட மஸ்ரூர் அஹ்மத் இப்போது ஐந்தாவது. விவசாயப் பொருளாதாரம் படித்து, கானாவில் கோதுமை விளைவித்துப் பார்த்தவர்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நடக்கிறது, உண்மை. ஆனால் நூருத்தீனுக்குப் பிறகு வந்தவர்கள் மகன், பேரன், இன்னொரு பேரன், கொள்ளுப்பேரன். தகுதி எப்போதும் ஒரே வீட்டில்தான் பிறக்குமா என்று கேட்டால், அல்லாஹ்வின் தேர்வு என்பார்கள். கேள்வி அத்தோடு முடிந்துவிடும். முஹம்மது அலி 1914இல் பயந்தது இதற்குத்தானோ என்று தோன்றும்.

ஆனாலும் ஒரு சாதாரண அஹ்மதி ஏன் எங்கோ இங்கிலாந்தின் சர்ரே கிராமத்தில் இருக்கிற கலீஃபாவை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறார் என்பதற்கு ரப்வா வரை போக வேண்டியதில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட பாகிஸ்தான் அஹ்மதி அகதிகள், பிள்ளைகுட்டிகளோடு தங்கள் ஜமாஅத் பள்ளிவாசல் தரையில்தான் படுத்தார்கள்.

சென்னையையே எடுங்கள். அன்றைய மெட்ராஸ் மாகாணத்து மலபாரில் ஒருவர் அஹ்மதி ஆனார். அவர் மதம் மாறிவிட்டார், நிகாஹ் முறிந்தது என்று மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டார். 1922இல் மெட்ராஸ் ஹைகோர்ட், அஹ்மதியானால் இஸ்லாத்தை விட்டு வெளியேறியதாகாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஊரில், 2009இல், ராயப்பேட்டை மையவாடியில் (அடக்கஸ்தலத்தில்) அடக்கிய ஓர் அஹ்மதிப் பெண்ணின் உடலை, எங்கள் ஆட்கள் எதிர்த்ததால், திரும்பத் தோண்டி வெளியே எடுத்தார்கள்.