ஷஜரியானை மட்டுமல்ல, ரப்பனாவையும் இழந்தார்கள்
2009 அதிபர் தேர்தலுக்குப் பின் ஈரான் அரசு பாரம்பரிய இசைப் பாடகர் ஷஜரியானின் பாடல்களைத் தடை செய்தது என அவரைப் பற்றிய கட்டுரை ஒன்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. நடந்த வரிசை வேறு. தேர்தல் முடிவை எதிர்த்துப் போராடியவர்களை அப்போதைய அதிபர் அகமதிநெஜாத் ‘குப்பை கூளம்’ என்றார். என் குரலும் அந்தக் குப்பை கூளத்தின் குரல்தான், என் பாட்டை ஒலிபரப்பாதீர்கள் என்று அரசு ஒலிபரப்பு நிறுவனத்திடம் முதலில் சொன்னவர் ஷஜரியானே. அரசின் பதிலடி அதற்குப் பிறகுதான். அங்கே தடையாணைகூடத் தேவையில்லை. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கச்சேரிக்கும் கலாசார அமைச்சகத்தின் அனுமதி தனித்தனியாக வேண்டும், அதைத் தராமல் இழுத்தடித்தாலே மேடை போய்விடும். 2020இல் இறக்கும்வரை அவருக்குச் சொந்த நாட்டில் மேடை கிடைக்கவில்லை. இதைவிடக் கொடுமை, 1979இல் அவர் பதிவுசெய்த ‘ரப்பனா’வையும் அரசு ஒலிபரப்பு நிறுவனம் நிறுத்தியது. முழுக்கக் குர்ஆனின் பிரார்த்தனை வசனங்கள், ஒரு சொல் அரசியல் கிடையாது. ஏறக்குறைய முப்பது ரமலான்கள், நோன்பு துறக்கப் பேரீச்சம்பழத்தோடு பாங்குக்குக் காத்திருந்த வீடுகளில் ஒலித்த குரல் அது.