ஆடம்பரம் அல்ல, அவசியம்
புரோட்டான் என்னும் அணுத்துகள்களைப் பெருமளவில், பெருவேகத்தில் செலுத்தும் உயர்செறிவு புரோட்டான் முடுக்கி நமக்கு ஆடம்பரம் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் வசிக்கும் பெரம்பூரில் ரயில் பெட்டிகள் தயாராகின்றன. பற்றவைத்த எஃகுக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தை, அறுத்துப் பார்க்காமலே நியூட்ரான் என்னும் அணுத்துகள் காட்டிக் கொடுத்துவிடும். புரோட்டான்களைக் கன உலோகத்தில் மோதவிட்டு அந்த நியூட்ரான்களை அள்ளித் தருவதுதான் இந்த முடுக்கி.

கட்டுவது லேசுப்பட்ட வேலையல்ல என்பது உண்மைதான். ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி மையத்தில் நொடிக்கு 25 முறை என்ற வேகத்தில் புரோட்டான் கற்றை பாதரசத்தில் மோதுகிறது. அந்த அதிர்ச்சியில் உண்டாகும் நுண்குமிழ்கள் உடைந்து, பாதரசத்தைத் தாங்கும் எஃகுக் கலத்தின் உட்சுவரையே குழிகுழியாக அரித்துவிடும்! ஹீலியம் குமிழ்களைக் கலந்து அதைத் தணிக்கிறார்கள். மும்பை டிராம்பேயில் நம் முடுக்கி 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டியிருக்கிறது. 1,000-ஐ எட்ட வேண்டாமா? பக்கத்தில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலேயே உலோகவியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். அரிப்பைத் தாங்கும் கலம் வடிவமைக்கும் பொறுப்பை இப்போதே அவர்களிடம் ஒப்படையுங்கள்.