மறுபதிப்பு என்று ஒரு வரி போட்டால் என்ன?

பழைய ரெகே 45-ஐ, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சின்ன ஜமைக்கா இசைத்தட்டை, திரும்ப அச்சடிக்கிறவர்கள் பலர் லேபிளை அச்சு அசலாக வைக்கிறார்கள். மறுபதிப்பு ஆண்டை மட்டும் போடுவதில்லை. மூல டேப்பிலிருந்து எடுத்ததா, தேய்ந்த தட்டிலிருந்தா? அதையும் சொல்வதில்லை. முள்ளை வைத்தால் புத்தம்புதுத் தட்டில் பழைய கீறல் பொரிகிறது! கழுவினாலும் போகாது, பள்ளத்தோடு சேர்த்தே வெட்டிய சத்தம் அது.

அதைவிட வயிற்றெரிச்சல் நடுத்துளை. ஜமைக்கா 45-க்கு 38 மில்லிமீட்டர் துளை. அது மையம் தவறினால் முள்கை இடமும் வலமும் ஆடும். சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 1.33 விநாடிக்கொரு தடவை, சுருதி ஏறி இறங்கும். ஆர்கன் நீட்டி இழுக்கும் இடத்தில் கேட்கவே முடியாது. பெரிய துளையை அடைக்கும் அடாப்டரைக் கழற்றிவிட்டு, முள்கை ஆடாத இடம் வரும்வரை தட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி முதலிலிருந்து!