அரசுப் பள்ளியிலும் நாடகம் உண்டு
வடசென்னையின் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகமே கிடையாது, அது தனியார் பள்ளிகளுக்கு மட்டும்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, ஐயா. பள்ளிக் கல்வித் துறை 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளிகளின் 6 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்காகவே வந்தது. நாடகமும் அதில் ஒரு பிரிவு. பள்ளியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் வரை போட்டி நடக்கிறது. எல்லாப் பள்ளியிலும் தனி நாடக ஆசிரியர் இல்லை என்றால் ஒப்புக்கொள்வேன், அது வேறு விஷயம். ஐயம் இருந்தால், உங்கள் பகுதிப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கலைத் திருவிழாச் சுற்றறிக்கையைக் கேட்டு, போட்டிப் பட்டியலைப் பாருங்கள்.