கார்பனற்ற நகல் தாளின் பின்புறம் டேப் ஒட்டுவது குறித்து ஒரு திருத்தம்

கார்பன் தாள் வைக்காமலே, மேல்தாளில் எழுதுவது கீழ்த்தாளிலும் பதியும் தாளே கார்பனற்ற நகல் தாள். திருகோணமலைக் கடைகளுக்கான பில் புத்தகங்களைப் பற்றிய ஓர் உரையாடலில், "கார்பனற்ற தாளில் எந்தப் பூச்சும் இல்லை, பேனாவின் அழுத்தமே எழுத்தைக் கீழே இறக்குகிறது, ஆகவே பின்புறம் முழுவதும் இரட்டைப்பக்க டேப் ஒட்டி லேபிளாக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதை நம்பி அச்சடிக்கக் கொடுத்தால் கட்டுக்கட்டாகத் தாள் வீணாகும்.

அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம் 1950களில் அறிமுகப்படுத்திய இந்தத் தாளில், மேல்தாளின் பின்புறம், நிறமற்ற சாயக் கரைசலை அடக்கிய மிக நுண்ணிய உறைகளும், அடித்தாளின் முன்புறம், அமிலத்தன்மையுள்ள களிமண்ணோ ரெசினோ பூசப்பட்டிருக்கும். பேனா அழுத்தும் இடத்தில் உறைகள் உடைந்து, கசியும் கரைசல் அந்தப் பூச்சைத் தொட்ட பின்னரே நீலமோ கறுப்போ தோன்றுகிறது. மூன்று பிரதிப் புத்தகத்தில் நடுத்தாளுக்கு இரு பக்கமும் பூச்சு உண்டு. அதைத் தலைகீழாகக் கோத்துவிட்டுக் கீழ்ப் பிரதிகள் இரண்டும் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் திகைக்கும் அச்சகங்களும் உண்டு.

இவ்விரு பூச்சுகளுக்கும் நடுவே டேப் முழுவதுமாக நின்றால் கரைசல் மறுபக்கம் சென்று சேராது. டிரான்ஸ்ஃபர் டேப் என்பது, நடுவில் பிலிம் எதுவுமின்றி, உரித்தெடுக்கும் தாளின்மேல் தங்கும் பசைப்படலம் மட்டுமே என்பதால் தடிப்புக் குறைவுதான். ஆயினும் தடை தடையே. எனவே லேபிள் வேண்டுவோர், எழுத்து விழாத ஓரப் பட்டையில் மட்டும் பசையிடச் சொல்ல வேண்டும், அல்லது முன்புறம் நகல் ஏற்கும் பூச்சும் பின்புறம் பசையும் உள்ள ஸ்டிக்கர் தாளைக் கடைசித் தாளாகக் கேட்க வேண்டும். நாள் முழுவதும் வெயில் படும் பெட்டிகளுக்கு அதுவும் பொருந்தாது, ஏனெனில் இந்த நகல் எழுத்து வெளிச்சத்தில் மங்கக்கூடியது.