அவனுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது

நேற்று ராத்திரியிலிருந்து எட்டுப் பேர் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டு போட்ட வெற்றிப் பேச்சாளர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளபதி பேட்டன் சிப்பாயை அறைந்த கதையைச் சொல்லச் சொல்ல அரங்கமே கைதட்டுகிறதே, அதேதான். "ஒரே அறை. பயந்தாங்கொள்ளி புலியாகிவிட்டான். இதுதான் தலைமைப் பண்பு!" அதன் கீழே நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: அந்தப் பையனுக்கு அப்போது மலேரியா, சார். அதற்குக் கிடைத்த மரியாதையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தேசத்துரோகி வரைக்கும் போய்விட்டது. எந்த தேசத்துக்கு என்றுதான் தெரியவில்லை. சம்பவம் நடந்தது சிசிலியில், அடித்தவரும் வாங்கியவனும் அமெரிக்கர்கள்.

சரி, ஒரு வரியில் புரியாது என்றால் நீளமாகவே எழுதுகிறேன்.

1943 ஆகஸ்ட் 3. அமெரிக்க ஏழாவது ராணுவம் சிசிலியில் இறங்கி மூன்று வாரம் தாண்டியிருந்தது. நிக்கோசியா ஊருக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு ஒரு ராணுவ மருத்துவமனை. காயம்பட்டவர்களைப் பார்க்க வந்த பேட்டன், கட்டு எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் உனக்கு என்ன என்று கேட்கிறார். என்னால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்கிறான். கையுறையால் முகத்தில் ஒரு அறை. அப்படியே பிடித்துக் கூடாரத்துக்கு வெளியே ஒரு உதை. அப்புறம் டாக்டர்கள் பார்த்தால் காய்ச்சல் 102 டிகிரிக்கு மேல். விடாத வயிற்றுப்போக்கு. ரத்தத்தில் மலேரியா.

வீடியோவில் இந்தப் பாதி வராது. வந்தால் கைதட்டல் வராது.

ஒரே வாரம் கழித்து, ஆகஸ்ட் 10, வேறொரு மருத்துவமனை. 21 வயதுப் பீரங்கிப் படைக்காரன். கூட இருந்தவன் காயம்பட்டதிலிருந்து தூக்கமில்லை, உடம்பெல்லாம் நடுக்கம். என் படையை விட்டு என்னை அனுப்பாதீர்கள் என்று அவன் கெஞ்சியிருக்கிறான். டாக்டர் உத்தரவு போட்டுத்தான் அனுப்பி வைத்தார். அவனுக்கு இரண்டு அறை. போதாததற்குக் கைத்துப்பாக்கியை உருவி, சுட்டுவிடுவேன் என்று மிரட்டல். போக மாட்டேன் என்றவனைத்தான் ஐயா, ஓடிவந்தவன் என்று அறைந்தார்கள்!

பேட்டனைச் சாதாரண ஆள் என்று நான் சொல்லவே இல்லை. 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நம் ஆட்கள் நொறுக்கினார்களே பாகிஸ்தானின் பேட்டன் டாங்கி, அது இவர் பெயரில் வந்ததுதான். 1944-ல் பிரான்ஸில் மூன்றாவது ராணுவத்தை அவர் ஓட்டிய வேகத்தை வாய் பிளந்து படித்தவன் நான். ஆனால் அந்த வெற்றியைக் கொண்டுபோய் அறையின் கணக்கில் எழுதாதீர்கள். அறை அவருக்கு என்ன கொடுத்தது? மேலதிகாரி ஐசனோவரிடமிருந்து கடுமையான கடிதம். அடிபட்டவர்கள், டாக்டர்கள், நர்ஸுகள் என்று வரிசையாக மன்னிப்பு. நவம்பரில் ட்ரூ பியர்சன் என்ற பத்திரிகையாளர் வானொலியில் போட்டு உடைத்ததும் ஊரெல்லாம் கெட்ட பெயர். ஏறக்குறைய ஒரு வருடம் போர்முனையில் அவர் கையில் படை இல்லை. தலைமைப் பண்பு வகுப்பில் இதையும் சேர்த்து நடத்தலாமே.

"ராணுவத்தில் தாலாட்டா பாட முடியும்?" என்று ஒரு தம்பி. பாட வேண்டாம் தம்பி. அதே ராணுவத்தில், அதே வருடம் ஏப்ரலில், துனீசியாவில் பிராட்லி என்ற இன்னொரு தளபதி ஓர் உத்தரவு போட்டார். மனம் ஓய்ந்து வருகிறவர்களுக்கு முதலில் 'களைப்பு' என்று மட்டும் சீட்டில் எழுத வேண்டும். ஏழு நாள் போர்முனைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை, சுடச்சுடச் சாப்பாடு, குளியல். அந்த நீல மாத்திரைக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'நீல 88'. ஜெர்மன்காரனின் 88 மில்லிமீட்டர் பீரங்கி மாதிரி அடித்துப் போட்டுவிடுமாம். தூங்கி எழுந்து நிறையப் பேர் படைக்கே திரும்பினார்கள், அறை வாங்காமலே. 200 முதல் 240 நாள் சண்டையில் இருந்தால் எப்பேர்ப்பட்ட காலாட்படைக்காரனும் தேய்ந்துவிடுவான் என்று பிற்பாடு கணக்குப் போட்டதும் அந்த ராணுவத்தின் டாக்டர்கள்தான். நான் இல்லை.

"அந்தக் காலத்து ஆட்கள் அப்படி, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான்…" என்கிறவர்களுக்கு ஆடி மர்ஃபி. அவரும் 1943-ல் சிசிலியில் இறங்கியவர். 19 வயதில், எரிந்துகொண்டிருந்த வண்டியின் மேல் ஏறி நின்று, எந்திரத் துப்பாக்கியோடு ஒற்றை ஆளாக ஜெர்மானியர்களைத் தடுத்தவர். அமெரிக்காவின் ஆக உயர்ந்த வீரப் பதக்கம் வாங்கியவர். ஊர் திரும்பிய பிறகும் தலையணைக்கடியில் குண்டு போட்ட துப்பாக்கி இல்லாமல் அவரால் படுக்க முடியவில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி மீண்டதை அவரே வெளியில் சொன்னார். அவரையும் கூப்பிட்டு ஒரு அறை விடலாமா?

நிஜமாகவே நடித்தவர்கள் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்வது 102 டிகிரி காய்ச்சலை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் வேறு விசாரணை. சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு. சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. மூன்றாவது சுற்றில் கால் பின்னியது. "சார், முடியல சார்" என்றேன். பி.டி. வாத்தியார் விட்ட அறையில் விசில் சத்தம் மாதிரி ஒன்று காதுக்குள் அன்று முழுக்கக் கேட்டது. "நடிக்கிறியா?" நடிக்கவில்லை. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. அம்மா விடிகாலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கித் தருவாள். அந்தக் கசப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

இதைப் படித்ததும் "அடிபட்டுத்தானே நாங்கள் உருப்பட்டோம்" என்று வருவீர்கள், தெரியும். உருப்பட்டீர்களா என்பதை உங்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

இன்னொரு நண்பர் படித்தவர், பதில் வைத்திருக்கிறார். அறை வாங்கிய முதல் சிப்பாயே பிற்காலத்தில் பேட்டனை விட்டுக்கொடுக்காமல், அவரும் அப்போது போரில் களைத்துத்தான் போயிருந்தார் என்று சொன்னாராம். அவரே மறந்தாச்சு, உனக்கென்ன என்கிறார். ஆமாம், சொன்னார். அடி வாங்கியவன்தான் எப்போதும் பெருந்தன்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. அடித்தவருக்குக் களைப்பு என்றால் அது காரணம். வாங்கியவனுக்குக் களைப்பு என்றால் அது கோழைத்தனம். நல்ல நியாயம்.

காமாலை இறங்கி மூன்று வாரம் கழித்து அப்பாதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். கேட்டிலேயே வாத்தியார். அப்பா ஏதாவது கேட்பார் என்று நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னும் நாலு போட்டிருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நேற்று அந்த வீடியோவுக்கு மூன்று கைதட்டல் போட்ட மாமாவுக்கு இது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது அவர்தான்.